இரண்டாம் சுந்தரபாண்டி

வரலாற்று வாத்தியார் வேலை செத்துப்போனவர்களின் பெயர்களோடு மாரடிக்கிற வேலை. வீட்டிலோ ஆபீசிலோ ஒரே பெயரில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, நீங்கள் என் கட்சி. தொண்ணூறுகளில் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பட்டதைக் கேளுங்கள்.

தாத்தா பெயர்

பாண்டியர் பாடம் வந்தாலே பையன்களுக்குத் தலை சுற்றும். மாறவர்மன் சுந்தர பாண்டியன், சடையவர்மன் சுந்தர பாண்டியன், அதிலும் முதலாம், இரண்டாம். போதாததற்கு என் ஒன்பதாம் வகுப்பிலேயே இரண்டு சுந்தரபாண்டிகள். இருவரும் விடுதிப் பையன்கள், இருவருக்கும் தாத்தா பெயர். மேலூர்க்காரனுக்கு முதலாம், அலங்காநல்லூர்க்காரனுக்கு இரண்டாம் என்று பட்டம் சூட்டினேன். வகுப்பு சிரித்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாமவன் மட்டும் எழுந்து சொன்னான்: "எங்கம்மா என்னைய ராசான்னுதான் சார் கூப்பிடும். மாமனார் பேரச் சொல்லக் கூடாதாம்ல."

எரித்தவரும் வேய்ந்தவரும்

தஞ்சையை எரித்த சுந்தர பாண்டியன் வேறு, திருவரங்கத்தில் பொன் வேய்ந்தவர் வேறு. அரையாண்டுத் தேர்வில் இரண்டாமவன் இருவரையும் ஒருவராக்கி, எரித்த பாவம் தீரப் பொன் வேய்ந்தார் என்று எழுதியிருந்தான். முட்டை போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு முனகினான்: "ஒரே ஆளுன்னா, செஞ்ச தப்புக்கு ஈடு கட்டிட்டாருன்னு ஒரு ஆறுதல் இருந்துச்சு சார்."

போன்

ஒரு நாள் காலை ஆபீசில் மணி அடித்தது, நான் எடுத்தேன். ஒரு பெண் அழுதுகொண்டே, "எம்மகனோட அப்பா தவறிட்டாரு சார், அவன அனுப்பி வைங்க" என்றாள். பெயரைக் கேட்டேன். "எங்க மாமனாரு பேரு, நான் எப்படிச் சொல்ல? பாண்டிய ராசா பேருதான்." அப்பா பெயரைக் கேட்டேன். புருசன் பெயரையும் அவள் சொல்லவில்லை, அழுகைதான் வந்தது.

முதலாமவனின் அப்பா சீக்காகக் கிடப்பது எனக்குத் தெரியும். அவனாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, மேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஊரைக் கேட்டிருக்கலாம். லைன் அறுந்துபோனது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அறுந்துபோகவில்லை, நான்தான் வைத்தேன்.

மூன்று மணிக்கு மேலூர் அப்பா, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றார். அப்போது இரண்டாமவன் வகுப்பில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை: "நான் உசுரோடதான் சார் இருக்கேன். அந்தப் பயல மொதல்ல அனுப்புங்க."

அலங்காநல்லூரில்

நானே கூட்டிக்கொண்டு போனேன். நாலு மணிவரை காத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார்களாம். கொள்ளியைச் சித்தப்பா வைத்திருந்தார். பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வண்ணம் தீட்டிய வரைபடத்தைப் பஸ்ஸில் சுருட்டிப் பிடித்தபடி வந்தவன், அதை அப்படியே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

அவன் அம்மா காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "பெரியகருப்பன் மகன் சுந்தரபாண்டி. இந்தா, சொல்லிட்டேன்ல சார்? வாய் ஒண்ணும் அழுகிப் போகலியே. காலையிலயே சொல்லியிருந்தா எம்புள்ள அப்பன் மொகத்தப் பாத்திருப்பான்ல?"

இப்போதெல்லாம் தஞ்சையை எரித்தவரும் பொன் வேய்ந்தவரும் ஒரே ஆள் என்று எந்தப் பையன் எழுதினாலும் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறேன், ஈடு கட்ட எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.