சரளா கூட்டிக்கொண்ட அரை மாதம்

பல்லாவரத்தில் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அளவுக்கோடு போட்ட ப்யூரெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சரளாவின் கணவர் அழைத்தார். "அக்கா, சரளா போயிட்டா" என்றார். சரி என்றேன். கண்ணாடிக் குழாயில் தெரிந்த அளவைக் குறித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் பிடிவாதம் தெரியும். நானும் அவளும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து ஒரே மேசையில் காலம் தள்ளியவர்கள். ஒருமுறை கோவிலம்பாக்கத்து அடுக்ககம் ஒன்றின் கிணற்றுத் தண்ணீர் வந்தது. கடினத்தன்மை 367.8462 என்று அறிக்கை தயாரானது. சரளா கடைசி மூன்று இலக்கங்களை அடித்துவிட்டாள். முதலாளிக்கு முகம் சுருங்கியது.

"நிறைய நம்பர் இருந்தாதாம்மா கஸ்டமர் நம்புவாரு."

"நாம அளந்தது நாலு நம்பர் வரைக்கும்தான் சார். மிச்சம் மூணு கால்குலேட்டர் பெத்தது. அதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

367.8 என்றுதான் அறிக்கை போனது.

குறைத்து எழுதினாலும் விடமாட்டாள். ஒருநாள் ப்யூரெட் அளவை 18.40 என்று எழுத வேண்டிய இடத்தில் நான் 18.4 என்று எழுதிவிட்டேன். "அந்த சைபரை ஏன்டி முழுங்கினே? கோட்டுமேல கரெக்டா நின்னுச்சுன்னு நீதானே பார்த்தே? பார்த்ததை எழுதாம விட்டாலும் தப்புதான்." ஒரு சைபருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு வேளையில் அவளே வந்து தன் எலுமிச்சை சாதத்தில் பாதியை என் டப்பாவில் கொட்டினாள்.

சரளாவுக்கு நோய் முற்றியபின் டாக்டர் இன்னும் ஆறு மாதம் என்றார். அவள் மகளின் கல்யாணம் அதற்குச் சில நாள் தள்ளி இருந்தது. தாம்பரம் போகும் ரயிலில் சரளா என்னிடம் கணக்குச் சொன்னாள். "ஆறுன்னுதான் சொன்னாரு, ஆறு புள்ளி சைபர்னு சொல்லல. அஞ்சரையும் ஆறுதான், ஆறரையும் ஆறுதான். நான் ஆறரைன்னு வச்சுக்கறேன். கல்யாணத்தைப் பார்த்துடுவேன்டி."

"பார்த்துடுவே" என்றேன்.

ஐந்தாவது மாதம் முடியுமுன்பே போய்விட்டாள். கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

டாக்டர் சொன்ன ஆறு எதைக்கொண்டும் அளந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அளக்காத இலக்கத்தை வாழ்க்கையில் ஒருமுறைதான் சரளா சேர்த்துக்கொண்டாள். நான் அதை அடிக்கவில்லை. அவளிடமிருந்து என்னிடம் மீந்திருப்பது அந்த அரை மாதம்தான்.