வேகத்தடைச் செயலாளரின் சிவப்புக் கார்

ஆவுடையப்பன் சாருக்கு வேகம் பிடிக்காது. காபியைக்கூட ஆறவைத்து, பேப்பரைப் பாதி படித்த பிறகுதான் குடிப்பார். மின்வாரியக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். கொஞ்ச நாள் வாசலில் நின்று, பைக்கில் போகிறவர்களை எல்லாம் "ஏலே, பையப் போலே!" என்று விரட்டிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கொத்தனாரைக் கூட்டி வந்து தெருவில் ஐந்து வேகத்தடைகளைப் போட்டுவிட்டார். உயரத்தைப் பக்கத்தில் நின்று அவரே முடிவு செய்தார். "இன்னும் ரெண்டு சட்டி கொட்டும்வே" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார்.

லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் கொண்டுவரும் எஸ்றா அந்த மேடுகளுக்கு மலைப்பாதை ஊர்களின் பெயர்களை வைத்தான். முதலாவது, அடிவாரத்து மணிமுத்தாறு. கடைசியில், பிள்ளையார் கோவில் திருப்பத்தில் இருப்பது மலைமேல் உள்ள மாஞ்சோலை.

"மாஞ்சோலை ஏறும்போது ரெண்டு கேன் உருண்டுருது அண்ணாச்சி. கொஞ்சம் செதுக்கிவிடப்படாதா?"

"கேனைக் கட்டி வையிலே. மேட்டுல கை வைக்கணும்னா சங்கக் கூட்டத்துல தீர்மானம் போடணும்."

"கூட்டம் எப்ப?"

"நான்தான் கூட்டணும். கூட்டமாட்டேன்."

இப்படிப்பட்டவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவார் என்று யார் நினைத்திருப்பார்கள்? அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில் கிடந்தது அது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி.; இப்போது ஊரில் ஓடும் பெரிய எம்.ஜி. கார்களுக்குத் தாத்தா முறை. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. சார் வேலையில் சேர்ந்த புதிதில், டாக்டர் அதை ஓட்டிப் போவதைப் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தாராம். பார்த்த மயக்கத்தில் தன் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டாராம். லாரியில் கார் வந்து இறங்கியபோது அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கார் முற்றத்தை அடைத்துக்கொண்டதால், அவர் மனைவி கோமதி அத்தைக்கு வத்தல் காயப்போட இடம் போயிற்று. மேலப்பாளையம் மெக்கானிக் அசன் முகம்மது ஞாயிறுதோறும் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றியதெல்லாம் மெதுவாக வீட்டுக்குள் குடியேறியது. ஒருநாள் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்டனைப் பார்த்ததும் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தை மாசம் என் தம்பிக்கு அறுபதாங் கல்யாணம். கல்லிடைக்குறிச்சியில இந்தச் சவத்துலதான் போயி இறங்குவேன். இல்லன்னா மறுநாள் பழைய இரும்புக்காரன் வருவான்."

"ஓடிரும் கோமு."

"ஓடணும்."

மார்கழியில் என்ஜின் உயிர்பெற்றது. முற்றத்துக்குள்ளேயே கொஞ்சம் முன்னால் போனது, கொஞ்சம் பின்னால் வந்தது. தெருவில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார் அசன். பூஜை போடாமல் தெருவில் இறக்கக் கூடாது என்றார் சார். பூஜைக்கு நல்ல நேரம் விசேஷத்தன்று காலையில்தான் இருந்தது.

அன்று பட்டுச்சேலை கட்டி அத்தை ஏறி உட்கார்ந்தார். இருக்கை அவ்வளவு தாழ்வு. தரைப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர் போலத் தெரிந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தெருவே கை தட்டியது. கார் உறுமிக்கொண்டு போய் மணிமுத்தாற்றில் முன்சக்கரங்களை ஏற்றியது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். வயிறு மேட்டின்மேல் பதிந்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றுவிட்டது.

சார், பூஜைக்கு வந்திருந்த அசனைப் பார்த்தார்.

"என்ஜினைத்தான் பாக்கச் சொன்னிய, அண்ணாச்சி. ரோட்டைப் பாக்கச் சொல்லலையே."

பின்னால் கேன்களோடு வந்து மாட்டிக்கொண்ட எஸ்றா இறங்கி வந்தான். குனிந்து காரின் அடியைப் பார்த்தான். "அண்ணாச்சி, இது மணிமுத்தாறுதான். மாஞ்சோலை இன்னும் கெடக்கு."

"பலகை வச்சு ஏத்திருவோமா, அசன்?"

"பலகை வச்சா வயிறு தப்பும், சைலன்சர் தப்பாது."

சார் மனைவி பக்கம் திரும்பினார். "கோமு, ஒரு டாக்சிய வரச் சொல்லட்டுமா?"

"நான் எறங்குனா வண்டி இரும்புக் கடைக்குத்தான் போவும்" என்று சொல்லிவிட்டு அத்தை குடையை விரித்துக்கொண்டார்.

சார் மேட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். எஸ்றா பணிவாகக் கேட்டான்: "மேட்டுல கை வைக்கணும்னா தீர்மானம் போடணும்லா, அண்ணாச்சி?"

தெரு முழுவதும் வாசலில்தான் நின்றது. சார் தொண்டையைச் செருமினார். "இந்தா கூடியிருக்குல்லா. இதான் கூட்டம். மேட்டை எடுக்கக் கூடாதுங்கிறவங்க கையைத் தூக்குங்க."

தூக்குவதற்குக் கை ஒன்றும் சும்மா இல்லை. அதற்குள் வீட்டுக்கு வீடு கடப்பாரை வந்துவிட்டது. வந்த வேகத்தைப் பார்த்தால், பல வீடுகளில் அது கதவுக்குப் பின்னால் தயாராக இருந்திருக்க வேண்டும்.

"கார் அகலத்துக்கு மட்டும் உடைங்கவே! அதுக்கு மேல ஒரு சல்லி பெயரப்படாது!" என்று சார் கத்தினார். யார் காதிலும் விழவில்லை. மேடு மேடாக உடைத்துக்கொண்டு மாஞ்சோலைக்கு வந்தபோது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கடப்பாரையை ஓங்கினார். அது டங்கென்று திரும்பி வந்தது.

"நல்ல கலவைதான் போட வச்சிருக்கிய" என்றார் அசன்.

ஒருவழியாக அதையும் உடைத்தார்கள். பெரிய சாலையின் வேகத்தடைகள் அகலமாகச் சரிந்தவை. அவற்றில் கார் சிரமமில்லாமல் ஏறி இறங்கியது. ஆனால் ஓட்டியது ஆவுடையப்பன் சார் ஆயிற்றே. பத்தமடையில் ஒரு டவுன் பஸ் முந்தியது. சேரன்மகாதேவிக்குள் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்து முந்தியது. வீரவநல்லூர் தாண்டி, பின்னால் வாழைத்தார் கட்டியிருந்த ஒரு மொபெட்டும் முந்திவிட்டது என்று அத்தையே பிற்பாடு சொன்னார்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. கழுத்தில் மாலையோடு தம்பி வாசலுக்கு ஓடிவந்தார். சாப்பிட்ட கையைக் கழுவாமல் பாதிக் கூட்டமும் வந்தது. காற்றில் தலை கலைந்து, வைத்த பூவில் நார் மட்டும் மிஞ்சி, அத்தை காரிலிருந்து இறங்கினார்.

"தாலி கட்டி முடிச்சாச்சேக்கா!"

"உன் கல்யாணம் ஏற்கெனவே ஒருதடவ பாத்ததுதானலே" என்றார் அத்தை.

பொழுது சாயும் நேரத்தில் கார் திரும்பி வந்தது. மேடுகள் இருந்த இடங்களில் சல்லி மட்டும் கிடந்தது. சார் என்ஜினை அணைத்துவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கோமு, நாளைக்கு..." என்று இழுத்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான, அசன் தம்பி வருவாகல்லா?" என்றார் அத்தை, சேலைத் தலைப்பால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டே. "என் பக்கத்துக் கதவு கீச்சு கீச்சுங்குது. முதல்ல அதைப் பாக்கச் சொல்லுங்க."