பதினேழு தோள்கள்

1. எண்ணும் முறை

டூர் வேலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம், பஸ் கிளம்புவதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எப்படி எண்ணக்கூடாது என்பதைத்தான் நான் சொல்லிக்கொடுப்பேன். ஏன் என்று கேட்டால் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். இங்கே முழுவதையும் எழுதிவிடுகிறேன். ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி யாரும் எனக்கு மெமோ கொடுக்க முடியாது.

ஷார்ஜாவில் ஒரு சின்ன டூர் கம்பெனியில் கைடாக இருந்தேன். வீடு அஜ்மானில். காலை டிராஃபிக்கில் உட்கார்ந்தே என் ஆயுளில் பாதி போனது. கம்பெனியில் கவுண்ட் எடுக்க ஒரு முறை வைத்திருந்தோம். கைடு பின் வரிசையிலிருந்து முன்னால் வந்துகொண்டே ஒவ்வொருவர் தோளையும் லேசாகத் தொட்டு எண்ண வேண்டும். விரலை நீட்டி எண்ணினால் வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது. அரபிக் குடும்பங்களுக்கு எண்ணுவதே பிடிக்காது, பிள்ளைகளுக்குக் கண்பட்டுவிடும் என்பார்கள். அதே நேரத்தில் டிரைவர் தன் மிரரில் பார்த்துத் தலைகளை எண்ணுவார். இருவர் கணக்கும் ஒத்துப்போனால் 'யல்லா', போகலாம் என்பேன், வண்டி கிளம்பும்.

என் டிரைவர் முருகேசன், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். வண்டியில் கீறல் விழாமல் பதினோரு வருஷம் ஓட்டியவர். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

2. பயணம் வந்தவர்கள்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒரு ஏப்ரல் மாதம். அமெரிக்காவிலிருந்து பதினேழு பேர் கொண்ட ஒரு குரூப் வந்தது. எல்லோரும் ரிட்டயர் ஆன பள்ளி ஆசிரியர்கள். தங்கள் நாட்டு முன்னாள் ஜனாதிபதிகளின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் பார்ப்பதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. பிறந்த வீடு, படித்த பள்ளிக்கூடம், கல்லறை என்று சொந்த ஊரில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டார்கள். இப்போது, பதவி போன பிறகு அந்த ஜனாதிபதிகள் எங்கெங்கே போய் உட்கார்ந்திருந்தார்கள் என்று தேடிக் கிளம்பியிருந்தார்கள். குவைத், தோஹா முடித்து எங்களிடம் நான்கு நாள். ஒருவர் உரையாற்றிய ஹால், ஒருவர் தங்கிய ஹோட்டல், இன்னொருவர் காபி குடித்த மொட்டைமாடி. உலகத்தில் எல்லோரும் ஒட்டகத்தையும் தங்கச் சந்தையையும் பார்க்க வருவார்கள். இவர்கள் காலி நாற்காலிகளைப் பார்க்க வந்தார்கள்.

குரூப்புக்குத் தலைவி ஹெலன், எழுபது வயது, நிமிர்ந்த முதுகு. அவரிடம் ஒரு கறுப்பு ஓவர்கோட்டும் தொப்பியும் இருந்தன. அந்த வெயிலில் ஓவர்கோட்! காலையில் பஸ் ஏறியதும் அதை ஒரு சீட்டில் சாய்த்து, மேலே தொப்பியை வைத்துவிடுவார். அன்றைக்கு யாரைப் பற்றிப் படிக்கப்போகிறார்களோ அந்த ஜனாதிபதி அங்கே உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. எல்லோரும் அதற்கு 'குட் மார்னிங், மிஸ்டர் பிரசிடெண்ட்' சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். தினமும் ஒருவருக்கு அதன் பக்கத்தில் உட்காரும் முறை. மாலையில் ஹெலன் ஒரு பக்கம் வாசிப்பார். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஓவர்கோட்டை எடுத்து அவர் கையில் கொடுப்பார். அதோடு அன்றைய பயணம் முடியும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முருகேசனுக்கு வரவில்லை.

"அக்கா, மிரர்ல பாத்தா ஆளு உக்காந்திருக்க மாதிரியே இருக்கு. மொத நாளு பதினெட்டுன்னு எண்ணிட்டேன்."

"தொப்பிய விட்டுட்டு எண்ணுங்க."

"விட்டுட்டுதான் எண்ணுறேன். ஆனா அது பாக்குதுக்கா."

நான் அவரைக் கிண்டல் செய்தேன். அறந்தாங்கிப் பேயெல்லாம் விசா எடுத்து இங்கே வராது என்றேன். அவர் மிரரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

3. கூரையில்லாத ஊர்

நான்காம் நாள் ராஸ் அல் கைமா பக்கம் போனோம். கடலோரத்தில் பழைய முத்துக்குளிப்பு ஊர் ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது. பவளக்கல் சுவர்கள் நிற்கும், கூரை இருக்காது. உள்ளூர் அரபிகள் பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பமாட்டார்கள். முன்னாள் ஜனாதிபதி ஒருவரை நண்பர் யாரோ அங்கே கூட்டிப்போனாராம். அவர் ஒரு வீட்டுத் திண்டில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். ஹெலனிடம் அதைச் சொல்லும் ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அன்று ஓவர்கோட்டின் பக்கத்து சீட் வால்டர் என்பவருக்கு. வயது எண்பத்தொன்று, இரண்டு முறை இதய ஆபரேஷன் ஆனவர். ஐந்தாவது வரிசையில் ஜன்னலோரம் ஓவர்கோட், நடைபாதை ஓரம் வால்டர். நான்தான் கைபிடித்து அவரை இறக்கிவிட்டேன்.

நாலரை மணிக்கு ஷமால் என்கிற மணல்காற்று கிளம்பியது. கடல் தெரியவில்லை, எதிரே நிற்கும் சுவர் தெரியவில்லை. நான் விசில் அடித்தேன். கிழவர்களும் கிழவிகளும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டே ஏறினார்கள். பஸ்ஸுக்குள் செம்மண் இருட்டு. எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். பின்னாலிருந்து தோள் தொட்டு வந்தேன். பதினேழு. முருகேசனும் பதினேழு என்றார். யல்லா.

இருபது நிமிஷம் போனபின் காற்று தணிந்தது. ஹெலன் எழுந்து அந்த மாலைப் பக்கத்தை வாசித்து முடித்து, "வால்டர், தயவுசெய்து" என்று கையை நீட்டினார். யாரும் எழவில்லை. அவர் ஐந்தாவது வரிசைக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன்.

ஓவர்கோட் ஜன்னலோரத்தில் இல்லை. நடைபாதை ஓரத்தில், வால்டருடைய சீட்டில், நிமிர்ந்து இருந்தது. மேலே தொப்பி நேராக இருந்தது. ஜன்னலோர சீட் காலி. முன்சீட்டுப் பையில் வால்டரின் மாத்திரை டப்பா.

மாற்றி வைத்தது யார் என்று ஹெலன் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் நான் இல்லை என்றார்கள். முருகேசன் அதற்குள் யூ-டர்ன் தேடிக்கொண்டிருந்தார். அந்த ரோட்டில் யூ-டர்ன் எட்டு கிலோமீட்டர் தள்ளித்தான் வரும். மேனேஜருக்கு போன் போட்டேன். கவுண்ட் எடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார்.

"ரெண்டு பேரும் எடுத்தோம் சார். டேலி ஆச்சு."

"பின்ன ஆள் எங்க?"

மாத்திரை டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் உயிரோடு இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். என் வேலை போகும் என்ற பயம் கூட அப்போது வரவில்லை.

4. திண்டு

திரும்பிப் போய்ச் சேர முக்கால் மணி ஆனது. நானும் முருகேசனும் தண்ணீர் பாட்டிலோடு வீடு வீடாக ஓடினோம். பெயரைக் கத்தினால் சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்பி வந்தது. எங்கள் குரலே எங்களுக்குப் பின்னால் யாரோ கூப்பிடுவதுபோல இருந்ததால் முருகேசன் கத்துவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது சந்தில் ஒரு வீட்டில் வால்டர் உட்கார்ந்திருந்தார். சுவரோடு ஒட்டிய திண்டில், முழங்காலில் கை வைத்து, மாதாகோயிலில் உட்கார்வதுபோல. எங்கள் புருவமெல்லாம் மண். அவர் சட்டை காலையில் அயர்ன் செய்த மாதிரியே இருந்தது. சுவர் காற்றைத் தடுத்திருக்கும், அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். திண்டின் நடுவில் உட்காராமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு.

மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, ரொம்ப நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டார். மன்னித்துவிடுங்கள், உங்களை விட்டுவிட்டுப் போனது எங்கள் தவறு என்றேன்.

"எனக்குக் கால் வலித்தது," என்றார் வால்டர். "அவர் என்னை உட்காரச் சொன்னார். என் இடத்தில் தான் போவதாகச் சொன்னார். கணக்கு குறையாது என்றார்."

யார் என்று கேட்டேன்.

"பெயர் கேட்கவில்லை. கேட்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது."

முருகேசனுக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். தாகமாக இருக்கிறது என்கிறார் என்றேன். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் எங்களை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க டிரைவர் இருந்திருக்கமாட்டார்.

அப்படியும் ஓவர்கோட்டை லக்கேஜ் டிக்கியில் வைத்துப் பூட்டாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று நின்றார் முருகேசன். ஹெலன் அதை மடித்துக் கொடுத்தார். வால்டருக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீர் வற்றினால் இல்லாததெல்லாம் தெரியும், கேட்கும் என்றார் டாக்டர். மறுநாள் ஏர்போர்ட்டில் வால்டர் என் கையைக் குலுக்கிவிட்டு நன்றாகவே நடந்து போனார்.

5. ரிப்போர்ட்

'முகங்கள் மூடியிருந்தன, வெளிச்சம் இல்லை, சீட்டில் இருந்த ஓவர்கோட்டை ஆள் என்று இருவரும் எண்ணிவிட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் திட்டினார், வார்னிங் லெட்டர் கொடுத்தார், அதோடு விட்டார். முருகேசன் செய்தது அந்தத் தவறுதான். அவர் மிரரில் தொப்பியைப் பார்த்தார்.

நான் தொப்பியைப் பார்க்கவில்லை. நான் தொட்டேன். வெறும் ஓவர்கோட்டைத் தொட்டால் உள்ளே அமுங்கும், அது யாருக்கும் தெரியும். ஐந்தாவது வரிசையில் என் விரல் அமுங்கவில்லை. துணிக்கு அடியில் எலும்பு இருந்தது. தொட்டதும், வயதானவர்கள் செய்வதுபோல, சின்னதாக நகர்ந்து எனக்கு வழிவிட்டது. நானும் 'தேங்க் யூ' சொல்லிவிட்டு நான்காவது வரிசைக்கு வந்தேன். இந்த ஒரு விஷயத்தை ரிப்போர்ட்டில் எழுதவில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை.

அதனால் பிள்ளைகளே, தலையை எண்ணாதீர்கள், தோளைத் தொடாதீர்கள். லிஸ்ட்டைக் கையில் வைத்துப் பெயரைக் கூப்பிடுங்கள். குரல் வரும்வரை காத்திருங்கள். முகத்தைப் பார்த்து டிக் செய்யுங்கள். அதற்கப்புறம் பத்து வருஷம் நான் அப்படித்தான் செய்தேன், ஒரு ஆளைக்கூடத் தவறவிடவில்லை.

கடைசிப் பெயருக்குப் பதில் வந்த பிறகும் நான் உடனே யல்லா சொல்லமாட்டேன். லிஸ்ட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நிற்பேன். என்னக்கா பாக்குறீங்க, எல்லாரும் வந்தாச்சே என்பார் முருகேசன். லிஸ்ட்டில் இல்லாத இன்னொரு குரல் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் கதவை மூடச் சொல்வேன்.