பாறையிலிருந்து ஒரு குரல்

ஜவ்வாது மலையில் டீச்சர் வேலைக்குப் போன முதல் வருஷம், நோன்பின் கடைசி நாட்களில் கோடை மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு காற்று. விடிந்து பார்த்தால் மரங்கள் மின்கம்பங்களையும் சாய்த்துக்கொண்டு ரோட்டில் படுத்துக் கிடந்தன. பஸ் இல்லை, கரண்ட் இல்லை. மதியத்துக்குள் என் போனும் அணைந்துவிட்டது.

நான் வாணியம்பாடிக்காரி. பாங்கு சத்தம் கேட்டே நோன்பு திறந்து வளர்ந்தவள். மலையில் பள்ளிவாசல் கிடையாது. அங்கே போன்தான் எனக்குப் பாங்கு சொல்லும். அன்று சாயங்காலம் சொம்புத் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக வாசலில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் வாட்ச் கட்டும் பழக்கம் இல்லை. நான் குடியிருந்த வீட்டுக் கடிகாரமோ எப்போதோ நின்றுபோனது. சுற்றிலும் மேடு என்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். ஆனால் அது மேட்டுக்குப் பின்னால் போனதா, நிஜமாகவே இறங்கிவிட்டதா என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கார அக்கா முற்றத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், இன்னும் தண்ணி குடிக்கலியா?"

"சூரியன் எறங்கிச்சான்னு தெரியலக்கா."

அக்காவின் வீட்டுக்காரர் அதைக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் ஏறினார். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

"எறங்கிடுச்சு டீச்சர்! தண்ணி குடிங்க!"

சிரித்துக்கொண்டே குடித்தேன். கண்ணில் நீர் முட்டியது.

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாள் அவர் குரல் கேட்டதும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் "எறங்கிடுச்சாம்!" என்றார். அது வீடு வீடாகத் தாவிக் கீழ் ஓடைவரை போய்த் தேய்ந்தது.

அந்தக் குரலுக்காகக் காத்திருந்த நேரங்களில்தான் நான் சாயங்காலத்தையே பார்த்தேன். மேற்கு மேடு கறுத்த பிறகும் எதிர்ச்சரிவில் மஞ்சள் வெயில் மிச்சமிருக்கும். அது மெல்ல மேலே ஏறும். ஏற ஏற மரங்கள் ஒவ்வொன்றாக அணையும். உச்சியில் ஒரே ஒரு மரம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக எரியும். முற்றத்துச் சுண்ணாம்புச் சுவர் நீலமாகும். அக்காவின் முகம் மங்கி, கை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். இருட்டில் புளி வாசனை இன்னும் கெட்டியாகும். இதே முற்றத்தில் தினமும் பல்பைப் போட்டுக்கொண்டு பரீட்சைத்தாள் திருத்தியிருக்கிறேன். இதில் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

இருபத்தொன்பதாவது நோன்பன்று அக்காவிடம் சொன்னேன்: "இன்னிக்குப் பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள். இல்லன்னா இன்னொரு நோன்பு."

"அதுக்கு இன்னா யோசன? எல்லாருமா போய்ப் பாத்துட்டு வரலாம், வாங்க."

அக்கம்பக்கத்தார் எல்லாரும் பாறைமேல் வந்துவிட்டார்கள். பகல் சூடு காலடியில் இன்னும் இருந்தது. கூட்டத்தோடு நின்று நோன்பு திறந்தேன். மேற்கே ரோஜா நிறத்தில் மேகம் திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஆளாளுக்கு ஒரு மூலையைக் காட்டினார்கள்; எல்லாம் மேகத்தின் விளிம்பு. மேகம் சற்று விலகியது.

"அதோ!" என்றார் அக்கா. "நகத்த வெட்டிப் போட்டாப்ல கீது பாருங்க!"

நூலிழை போல இருந்தது. ஊதினால் அணைந்துவிடும் என்று தோன்றியது. நான் கையேந்தி துஆ கேட்டேன். முடித்துத் திரும்பினேன். சிலர் பிறையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே சமவெளியில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.

"இதுல எங்க ஊர் எது அண்ணா?" என்று அக்காவின் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"எல்லாம் ஒரே வெளிச்சமா கீது டீச்சர். எதுன்னு சொல்றது?"

மறுநாள் அறையில் தனியாகத் தொழுதேன். சாமையும் வெல்லமும் போட்டு அக்காவும் நானும் பாயசம் வைத்தோம். சாயங்காலம் எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாத இருட்டில், கிண்ணங்களைக் கைமாற்றிக் குடித்தார்கள்.

ரோடு சரியானதும் ஊருக்குப் போனேன். அம்மா கட்டிக்கொண்டு அழுதார்.

"பெருநாளும் அதுவுமா இருட்டுல தனியா கெடந்தியேம்மா! இங்க ஒரே மேகம், பிறை யாருக்கும் தெரியல. டிவியில சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டோம்."

"நான் பாத்தேம்மா" என்றேன்.