நான்காவது ஆற்றுக்கு நான் சொன்ன பொருள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேலே, கடைவீட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் சபை இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே வேதபாட வகுப்பு. பதினேழு வருடங்கள் அதை நான்தான் நடத்தினேன். நடத்தினேன் என்பதைவிட ஆட்டி வைத்தேன் என்பதே சரி. தாமதமாக வந்தவர்களைக் கதவோரம் நிற்க வைப்பேன். என் வாய்க்குப் பயந்து பாஸ்டரே சனிக்கிழமைகளில் மாடிப்படி ஏறமாட்டார்.

எனக்குப் பேர் வாங்கித் தந்த பாடம் ஏதேன் தோட்டத்து ஆறுகள். படைப்பின் கதையில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய ஒரே ஆறு வெளியே போய் நான்காகப் பிரிகிறது. வெள்ளைப் பலகையில் நீல மார்க்கரால் நான்கு கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் எழுதுவேன். பொன் விளையும் நாட்டைச் சுற்றும் பைசோன், புடமிட்ட விசுவாசம். எத்தியோப்பியாவைச் சுற்றும் கீகோன், தூர தேசத்து ஊழியம். இதெக்கேல், தாமதிக்காத கீழ்ப்படிதல். நான்காவது ஐபிராத்து. அதற்கு மட்டும் வேதம் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. எந்த நாட்டைச் சுற்றுகிறது, அங்கே என்ன கிடைக்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை. வேதமே வாயை மூடிக்கொண்ட இடத்தில் நான் திறந்தேன். ‘விட்டுவந்ததைத் திரும்பிப் பாராமை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கிள்ளான் பக்கம் பண்டமாரானிலிருந்து ஒரு பெண் ரயிலேறி வகுப்புக்கு வருவாள். முப்பது வயது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஆபீசில் வேலை. அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, அப்பா மட்டும்தான். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். மகள் ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்.

ஒருமுறை அவரே இங்கே வந்தார். வீட்டு மரத்து ராம்புத்தான் பழங்களை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

“சாமிக்குப் படைச்சதா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க, மரத்துலேருந்து நேரா பறிச்சது. பிள்ளைங்க சாப்பிடட்டும்னு” என்றார்.

நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். “அங்கயே வச்சிட்டுப் போங்க” என்றேன். அவர் வைத்துவிட்டுப் போனார். மகள் தலை நிமிரவில்லை. பை அங்கேயே கிடந்து, திங்கட்கிழமை எறும்பு மொய்த்தபின் குப்பைக்குப் போனது. அன்று நான் பெருமையாகத்தான் தூங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் மாரடைப்பில் இறந்தார். வெள்ளிக்கிழமை தகனம் முடிந்தது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். அன்று சாயங்காலம் அவள் எனக்கு போன் செய்தாள்.

“ஆன்டி, நாளைக்கு காலைல ஒன்பது மணிக்கு போட். சாம்பல கடல்ல கரைக்கிறாங்க. அப்பா என்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. கொள்ளி யாரு வேணா போடட்டும், கரைக்கும்போது நீ போட்ல இருக்கணும்மான்னாரு. நான் கும்பிட மாட்டேன், பூ போட மாட்டேன். சும்மா உக்காந்திருக்கேன் லா. போகலாமா?”

கேட்காமல் போயிருக்கலாம். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்யவேண்டும் என்று அவர்களைப் பழக்கி வைத்திருந்ததே நான்தான்.

“ஏதேன்லேருந்து ஆறு வெளியதான் போகும்மா, திரும்பி உள்ள வராது” என்றேன். “நாலாவது ஆறு என்னன்னு படிச்ச? போட்ல ஏறுனா நீ திரும்பிப் போறன்னு அர்த்தம். போறதா இருந்தா போ. அப்புறம் வகுப்புக்கு வராத.”

 “சரி ஆன்டி” என்றாள் அவள்.

இதை ஏன் சொன்னேன் என்பதை எழுதத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. என் அம்மா எங்கள் ஊரான காப்பாரில் இறந்தபோது நான் சபைக்குப் புதியவள். அப்போதைய பாஸ்டர் போகாதே என்றார். நான் தகனத்துக்கும் போகவில்லை, படகுக்கும் போகவில்லை. அடுத்த ஞாயிறு என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்தார்கள். சபையே கை தட்டியது. அந்தக் கைதட்டலை வைத்துத்தான் இருபத்தைந்து வருடம் பிழைத்தேன். இவள் போய், படகில் சும்மா உட்கார்ந்திருந்து, விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டால் நான் என்ன ஆவேன்? அம்மாவை அனாதையாக விட்டவள் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்கு அவள்மேல் பொறாமை. ஆறு, வேதம் எல்லாம் அதற்குமேல் நான் போர்த்திய துணி.

சனிக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவள் வந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள். தலைகூட ஒழுங்காகச் சீவியிருக்கவில்லை. நான் அவளை எழுப்பி நிறுத்தி, “இதுதான் நான்காவது ஆறு” என்றேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த அவளுடைய கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து நின்றது. அவள் அதை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

வகுப்பு முடிந்த பிறகுதான் எடுத்தாள். சித்தப்பா மகன் கத்திய கத்தல் எனக்கே கேட்டது.

“எங்கக்கா இருக்க? ஒரு மணி நேரம் போட்ட நிறுத்தி வச்சோம். பெரியப்பாவ மடியில வச்சிக்கிட்டு உனக்காக உக்காந்திருந்தேன். அதுக்கு மேல முடியாதுன்னு போட்காரரு சத்தம் போட்டாரு. நானே கரைச்சிட்டேன்.”

அவள் பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். கீழே கான்கிரீட் கரைகளுக்கு நடுவே கிள்ளான் ஆறு தேநீர் நிறத்தில் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“இந்தத் தண்ணி அங்கதான போவுது ஆன்டி?” என்றாள்.

“ஜன்னல சாத்தும்மா, ஏர்கோன் குளிரு வெளிய போவுது” என்றேன்.

அவள் சாத்தினாள். அழவில்லை. அதன்பின் ஒரு வகுப்புகூடத் தவறவிடவில்லை. என் பாடங்களை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்தாள். போன வருடம் என் முழங்கால் கெட்டு நிற்க முடியாமல் போனபோது, மார்க்கர் தானாகவே அவள் கைக்குப் போனது. இப்போது தாமதமாக வருகிறவர்களை அவள் கதவோரம் நிற்க வைக்கிறாள்.

வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் நான் அந்தப் பகுதியை, பாடம் எடுப்பதற்காக இல்லாமல், முதல்முறையாக வெறுமனே படித்தேன். அந்த ஆறு தோட்டத்தில் நிற்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்குப் போகிறது. போகிற இடத்தில் யார் நீ, நெற்றியில் என்ன என்று கேட்கவில்லை. நான்காவது ஆற்றுக்கு நிபந்தனை ஏதும் எழுதப்படவில்லை. அதை எழுதியவள் நான். படித்துவிட்டு அழுதேன். அவளிடம் சொல்லவேண்டும் என்று தீர்மானித்துத்தான் போன சனிக்கிழமை ஒரு கைத்தடியோடு அந்த மாடி ஏறினேன்.

பலகையில் நான்கு கோடுகள் இருந்தன. காப்பாரிலிருந்து வரும் லோரி டிரைவர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், எழுந்து நின்றிருந்தார். முதல் நாள் இரவு அவருடைய அம்மா இறந்திருக்கிறார். அவர் ஒரே மகன். மத்தியானம் தகனம்.

“சிஸ்டர், கொள்ளி வைக்க வேணாம். சும்மா பக்கத்துல நின்னுட்டு வந்துடவா?” என்று கேட்டார்.

“நாலாவது ஆறு என்னன்னு படிச்சீங்க?” என்றாள் அவள். அது என் குரல்.

நான் வாயைத் திறந்தேன். “அந்த ஆறு வெளியில இருக்கிறவங்களுக்கும் போவுதும்மா. நான் அப்ப சொல்லிக் குடுத்தது...”

அவள் மார்க்கரை மூடினாள். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மிக மெதுவாகக் கேட்டாள். “அப்ப, அன்னைக்கு நான் எதுக்கு ஆன்டி போகல?”

பதில் எனக்குத் தெரியும். லோரி டிரைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் பார்த்தாள். அவள் கண்ணில் முதல்முறையாகப் பயத்தைக் கண்டேன். நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

“நான் மொதல்ல சொல்லிக் குடுத்ததுதான் சரி” என்றேன்.

டிரைவர் உட்கார்ந்தார். கைப்பேசியை எடுத்து, ‘நான் வரல, நீங்களே பாத்துக்குங்க’ என்று யாருக்கோ அனுப்பினார்.