அர்த்தனாரி அண்ணன் கணினிக்கு உத்தரவு கேட்ட வரலாறு

எங்கள் பெரியப்பா மகன் அர்த்தனாரி பிறந்தது பள்ளிச் சான்றிதழின்படி 1975ஆம் ஆண்டு. அவருடைய தாயார் அதற்கு அடுத்த மிளகுப் பறிப்பில் என்பார். குடும்பக் குறிப்பேட்டில் இரண்டையும் பதிந்துள்ளேன். அண்ணன் எங்கள் மலையின் அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் பயிரிடுபவர். யாரையும் ஏமாற்றியவர் அல்லர். எந்த முடிவையும் தாமாக எடுத்தவரும் அல்லர்.

அவருக்காக முடிவெடுத்தது கிடாய். கிடாயின் முதுகில் மஞ்சள்நீரைத் தெளித்துவிட்டு, ஒரு காரியத்தை நினைத்துக் காத்திருப்பது எங்கள் குடும்பங்களின் வழக்கம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். மற்றவர்கள் கோயில் நாளில், பெரிய காரியத்துக்கு மட்டுமே கேட்பார்கள். அண்ணனோ கூரைக்கு ஓடு போடுவதற்கும், கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்கும், ஒருமுறை மீசையை எடுப்பதற்கும் கேட்டிருக்கிறார். மீசை விஷயத்தில் கிடாய் அசையவில்லை. மீசை இன்றும் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஆவணியில் அவர் வீட்டுக்குக் கணினி வந்தது. அவர் மனைவி தேன்மொழிக்காக வாங்கியது அது. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன அண்ணி, நாற்பத்து நான்காம் வயதில் அஞ்சல்வழியில் நூலகவியல் படிக்கச் சேர்ந்திருந்தார். முதல் தேர்வு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, இணையத்தில். கைபேசியில் எழுத அனுமதியில்லை. ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டிருந்தார். இம்முறையும் எழுதாவிட்டால் சேர்க்கை ரத்து.

ஞாயிறு காலை, அடிவாரத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் அப்துல் அலீம் பெட்டியோடு மலையேறி வந்தார். எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, கணினியை இயக்கும் மென்பொருள் எது வேண்டும் என்று கேட்டார்.

“ஏனுங்கண்ணா, விண்டோஸ் போடட்டுங்களா, லினக்ஸ் போடட்டுங்களா?”

“எது நல்லதுங்க?”

“ரெண்டும் நல்லதுதானுங்க. அக்கா பரிச்ச எழுதறதுக்கு எதுனாலும் போதும்.”

எதுனாலும் என்ற சொல்லை அண்ணனால் தாங்க முடியாது. எழுந்து கொட்டகைப் பக்கம் போனார்.

“அண்ணன் எங்கீங்க போறாரு?” என்றார் அலீம்.

“கெடாகிட்டக் கேக்க” என்றார் அண்ணி.

“கெடா கம்ப்யூட்டர் படிச்சிருக்குதுங்களா?”

“படிச்சுட்டாலும்! இந்த ஊட்ல என் பேச்சு எடுபடாதுங்க. அது பேச்சுத்தான் எடுபடும்.”

விண்டோஸுக்கு நீர் தெளித்தார் அண்ணன். கிடாய் சிலுப்பியது. அலீம் மகிழ்ந்து பையைத் திறந்தார்.

“இருங்க. இன்னொண்ணையும் கேட்டுடறேன். கேக்காம உட்டா மனசு உறுத்தும்.”

ஒரு கிடாயிடம் ஒரு நாளில் ஒரு காரியமே கேட்கலாம் என்று நான் எடுத்துரைப்பதற்குள் லினக்ஸுக்கும் நீர் விழுந்துவிட்டது. கிடாய் முன்னிலும் பலமாகச் சிலுப்பியது.

“அதுக்கென்னங்கண்ணா, ரெண்டையுமே போட்டுடலாம்” என்றார் அலீம். அண்ணனின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவர் திருமணப் படத்திலும் நான் கண்டதில்லை.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அலீம் இதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்: “ஆன் பண்றப்பெல்லாம் எது வேணும்னு கேட்டுட்டு நிக்குமுங்க. ஒண்ண அமுக்குனாப் போதும்.” அதன் விளைவை எங்களில் எவரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு அண்ணி கணினியைத் தொடங்கினார். கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றின. அதற்குமேல் எதுவும் நகரவில்லை.

“தேனு, கைய வெச்சுராத! கேட்டுட்டு வாரேன்!” என்று அண்ணன் சொம்போடு பாய்ந்தார்.

முந்தைய நாளில் இருமுறை நனைந்த கிடாய், சொம்பைக் கண்டதும் கயிற்றை உருவிக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் புகுந்தது. அண்ணனும் புகுந்தார். செடிகளின் மேலே சொம்பு மட்டும் இங்குமங்கும் தெரிந்தது. பத்து ஐம்பத்திரண்டு.

“ஏனுங்க! பதினொண்ணு ஆச்சுன்னா உள்ள உட மாட்டாங்க!”

“புடிச்சுட்டேன், கண்ணு! ஒரே நிமிசம்!”

பிடித்திருக்கவில்லை. பத்து ஐம்பத்தாறுக்கு அண்ணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே இருந்த பெயரில் விசையை அமுக்கினார். தேர்வுப் பக்கம் திறந்தபோது பத்து ஐம்பத்தொன்பது. ஈரக் கிடாயை இழுத்துக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“எத அமுக்குன?”

“மேல இருந்தத.”

“ஐயோ! இப்பக் கெடா கீழ இருந்ததுக்கல்ல சிலுப்புச்சு!”

“அப்பக் கெடாவையே வந்து பரிச்ச எழுதச் சொல்லுங்க.”

அண்ணன் கிடாயைப் பார்த்தார். அது வாயைத் திறந்து கத்தத் தொடங்கியது. அண்ணி திரும்பாமலேயே ஒரு விரலை உயர்த்தினார். அண்ணன் சட்டென்று கிடாயின் வாயை இரு கைகளாலும் பொத்தினார்.

ஒரு மணி நேரம் அப்படியே நின்றார். தூறல் விழுந்தது, நான் குடை பிடித்தேன். மிளகு வாங்க வந்த வியாபாரி அந்தக் கோலத்தைக் கண்டு, எதுவும் கேட்காமல் திரும்பிப் போனார். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால் முடிவு உடனே திரையில் வந்தது.

“ஏனுங்க, பாசுங்க!”

“நெசமாவா?”

“நூத்துக்கு எழுவத்தி நாலு.”

அண்ணன் கையை எடுத்தார். கிடாய் ஒரு மணி நேரம் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தது. அண்ணியும் வாசலுக்கு வந்து, அதைவிடப் பெருங்குரலில் சிரித்தார்.