ஓர் அரிசி நீளம்

என் மனைவியின் வாசிப்பைக் கெடுத்தவன் நான். அவள் நினைப்பதுபோல் அவளுடைய விரல்கள் அல்ல... நான்தான்!

குண்டசாலையில் எங்கள் ஒழுங்கையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். தங்கமான மனிதன் என்பார்கள். மனைவியின் பையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருகிறவன் என்பார்கள். நீங்களும் நம்பிவிடுவீர்கள் என்பதால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

கண்டியில் நசீர் நானா நடத்தும் இன்னிசைக் குழுவில் நான் மெண்டலின் வாசித்தேன். கல்யாண வீடுகள்தான் எங்களுக்குச் சோறு. தேவகி புசல்லாவைத் தோட்டத்துப் பெண். அண்ணன் பஜனைக்கு வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். பகலெல்லாம் பல்லேகல ஆடைத் தொழிற்சாலையில் தைப்பாள். வீட்டுக்கு வந்ததும் மெண்டலினை எடுப்பாள். ஒரு கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல். என் இடத்தில் அவளை அனுப்பிவைத்தேன்.

அன்றோடு என் இடம் போயிற்று.

மெண்டலினில் மேலே போகப் போக, கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகள் நெருங்கிக்கொண்டே வரும். இரட்டைத் தந்தியையும் ஒரே விரல் நுனியால், மெட்டை ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். சற்றுத் தள்ளினால் கரகரக்கும். சற்று அழுத்தினால் சுருதி விலகும். அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அவளோ சோறு பிசைவதுபோல் போய் வந்தாள். ஒரு பிசிறு இருக்காது.

“இனி தங்கச்சியே வாசிக்கட்டும் மச்சான். நீங்க கிட்டார எடுங்களேன்” என்றார் நசீர் நானா. அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குழுவுக்கு ஒரு மெண்டலின் போதும்.

வீட்டுக்கு வந்ததும் தேவகி என் முகத்தைப் பார்த்தாள். “ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. நான் போகல.”

கேட்டீர்களா? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பாள். ஏன் சொல்லவில்லை? விட்டுக்கொடுத்தாலும் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்பது அப்படியே இருந்திருக்குமே... அவள் வாசிக்காமல் இருப்பது எனக்குப் போதவில்லை. அவளுக்கு வாசிக்க வராமல் போக வேண்டும்!

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா வாசி” என்றேன்.

எங்கள் வீட்டில் தந்தி மாற்றுவது எப்போதும் என் வேலை. அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டைக் குதிரை என்போம். எங்கள் மெண்டலினில் அது ஒட்டப்பட்டதல்ல. தந்திகள் அழுத்துவதால் மட்டுமே நிற்பது. அதை ஓர் அரிசி நீளம் முன்னால் நகர்த்தினேன். அவ்வளவுதான். அது முன்பு நின்ற தடம் பலகையில் தெரிந்தது. அதையும் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

அப்படி நகர்த்தினால் என்ன ஆகும்? விரல் வைக்காமல் மீட்டினால் வெறும் தந்தி சுத்தமாகச் சுருதி சேரும். கீழ் மெட்டுகளில் யாருக்கும் சந்தேகம் வராது. மேலே ஏற ஏறத்தான் ஸ்வரம் புளிக்கத் தொடங்கும்.

தேவகி மெண்டலினைச் சந்தேகிக்கவில்லை, என்னையும் சந்தேகிக்கவில்லை. தன் விரல்களையே சந்தேகித்தாள். “மெஷின்ல தச்சுத் தச்சு வெரல் செத்துப்போச்சு போல” என்றாள். நான் மறுக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “வீங்கித்தான் இருக்கு” என்றேன்.

வீக்கமே இல்லை!

அதோடு விட்டேனா? ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது குதிரையைப் பழைய இடத்தில் வைத்தேன். மாலையில் அவள் முன்னால் உட்கார்ந்து, மேலே ஏறி மெதுவாக வாசித்துக் காட்டினேன். சுருதி துல்லியமாக நின்றது. “மெண்டலின்ல ஒரு கொறையும் இல்லையே” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். விரலுக்கு ஓய்வு கொடு என்று சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் அவள் பஸ் ஏறியதும் மீண்டும் நகர்த்தினேன்.

இதுவும் கேளுங்கள். ஒவ்வொரு மாலையும் வெந்நீரில் உப்புப் போட்டு அவள் கையை ஊறவைத்தேன். தைலம் தடவி விரல் விரலாக உருவிவிட்டேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன். “ஒங்களப்போல யாருக்குங்க கெடைக்கும்” என்று அவள் சொன்னபோது எனக்கு வெட்கம் வரவில்லை. இன்பமாக இருந்தது... இன்று நினைத்தால் அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கண்டியில் ஒரு கல்யாண மண்டபம். மாலை மாற்றும் நேரம். தேவகி தனியாக மேலே ஏற வேண்டிய இடம் வந்தது. பக்கத்திலே கீபோர்ட் சரியான சுருதியில் நிற்க, அவளுடைய ஸ்வரம் விலகி அலறியது. பாடகர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் மறுபடியும் முயன்றாள். எவ்வளவு சரியாக விரலை வைத்தாளோ அவ்வளவு பிழையாகக் கேட்டது! கிட்டாரைப் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளுடைய பிடரி சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்க தங்கச்சி” என்றார் நசீர் நானா. அவளுக்கு அழுகை வரவில்லை. மெண்டலினை என் மடியில் வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு வாசிப்பதற்கென்று அவள் அதைத் தொடவே இல்லை. என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

சென்ற மாதம் மனம் கேட்காமல், குதிரையைச் சரியாக நிறுத்தி அவளிடம் நீட்டினேன். உண்மையைச் சொல்லவில்லை, சும்மா வாசித்துப் பார் என்றேன். தயங்கித் தயங்கி வாங்கினாள். கீழே நன்றாகத்தான் வாசித்தாள். மேலே ஏற வேண்டிய இடம் வந்ததும், சுடுசட்டியைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். மெண்டலின் சரியாகிவிட்டது... அவள் சரியாகவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி!

“வேணாங்க. நீங்க வாசிங்க, நான் கேக்கிறேன்” என்று என்னிடமே திருப்பித் தந்தாள்.

வாங்கி வாசித்தேன். நன்றாக வந்தது. அவள் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.